மூன்றாவது இடி

“கடைசி நாட்களை வச்சுக் கதை எழுதலாமா டீச்சர்? விளையாட்டு செய்யலாமா?”

கேட்டவர் தனசிங். வயது ஐம்பத்து நான்கு. உலக முடிவைப் பற்றி நான்கு நாவல்கள் எழுதியவர்.

டீச்சர் எப்சிபா அவரைவிடப் பதினோரு வயது இளையவர். பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும் வேதாகமக் கிரேக்கம் சொல்லித்தருகிறார். தனசிங் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சு.

எப்சிபா திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எழுதப் போறீங்களா அண்ணாச்சி, எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“விளையாட்டு?”

“அதுவும் முடிஞ்சாச்சு.”

“அப்போ நீங்க கேள்வி கேட்க வரல. வேற எதுக்கோ வந்திருக்கீங்க.”

தனசிங் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சென்னையில் ஒரு கம்பெனி செய்த கேம். கதை முழுக்க அவருடையது. மூன்று வருட உழைப்பு. வேதம் படித்த ஒருவர் முன்னுரை எழுதிக் கையெழுத்திட்டால்தான் ஞாயிறு பள்ளிகளில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அது வெளியே வராது.

“வேதத்தோட கடைசிப் புத்தகத்துல யோவானே எல்லாத்தையும் படமாத்தானே பார்த்தான் டீச்சர். குதிரை, வலுசர்ப்பம், வெட்டுக்கிளி. நான் புதுசா ஒண்ணும் சேர்க்கல.”

“ஒண்ணுமே?”

“ஒண்ணும்.”

அப்போதுதான் எப்சிபா நிமிர்ந்தார். நோட்டை மூடிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

குதிரைகள் ஓடின. நட்சத்திரங்கள் விழுந்தன. எப்சிபா இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை செத்தார்.

“திரும்பத் திரும்ப எழுந்து வர்றேனே.”

“மூணு உயிர் உண்டு.”

“தாராளம்தான். மனந்திரும்பணும்னா எந்தப் பட்டனை அமுக்கணும்?”

தனசிங் சிரித்தார். எப்சிபா சிரிக்கவில்லை.

“அதுக்குப் பட்டன் வைக்கல டீச்சர்.”

“சரி. குதிரை நல்லாயிருக்கு. வெள்ளைக் குதிரைக்குக் காது கொஞ்சம் பெருசு.”

அவர் விரல் கட்டங்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஏழு முத்திரைகள். ஏழு எக்காளங்கள். ஆறாம் எக்காளத்துக்கும் ஏழாம் எக்காளத்துக்கும் நடுவில் நின்றது.

திரையில் மேகம். அதன்மேல் எழுத்து: ஏழு இடிகள், பத்தாம் அதிகாரம்.

எப்சிபா போனைக் கவிழ்த்து வைத்தார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் தனசிங் பக்கம் நகர்த்தினார்.

“பத்தாம் அதிகாரம். மூணும் நாலும். வாசிச்சு அர்த்தம் சொல்லுங்க.”

தனசிங் திக்கித் திக்கி வாசித்தார். பிறகு அர்த்தம் சொன்னார்.

“ஏழு இடிகளும் பேசிச்சு. நான் எழுதப் போனேன். வானத்திலிருந்து ஒரு சத்தம். அதுங்க சொன்னதை முத்திரை போட்டு வை.”

“அப்புறம்?”

“எழுதாதே.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“உங்க இடி என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“முத்திரை ஏழுக்கும் கதை இருக்கு, எக்காளம் ஏழுக்கும் இருக்கு. இடி மட்டும் காலியா இருக்கேன்னு கம்பெனியில சொன்னாங்க. அதனால எழுதினேன்.”

“மூணாவது இடியைச் சொல்லுங்க.”

தனசிங் கண்ணை மூடிக்கொண்டார். போனைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“விளக்கை அணைத்தவன் இருளைக் குறைசொல்லாதிருப்பானாக. நான் அவன் வாசலில் நின்றேன். அவன் என்னை நிழலென்று எண்ணினான்.”



“அழகா இருக்கு.”

“எழுதும்போது அழுதேன் டீச்சர்.”

“அழுததும், எழுதலாமான்னு சந்தேகம் வந்ததா, எழுதலாம்னு நம்பிக்கை வந்ததா?”

“நம்பிக்கை.”

“சந்தேகம் எப்போ வந்தது?”

தனசிங் ஜன்னலைப் பார்த்தார்.

“கதைன்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர்.”

“எல்லாருக்கும்?”

எப்சிபா காத்திருந்தார். அவர் காத்திருந்தால் வகுப்பில் யாரும் பொய் சொல்ல முடியாது.

“எங்க சபைப் பிள்ளைங்க நாற்பது பேருக்கு முதல்லயே விளையாடக் கொடுத்தோம். சரியா ஓடுதான்னு பார்க்க. போன ஞாயிறு மனப்பாட வசனப் போட்டி. கெசியான்னு ஒரு பிள்ளை. மூணாங்கிளாஸ். அந்த மூணாவது இடியைச் சொன்னா.”

“நடுவர் எந்த இடம்னு கேட்கலையா?”

“கேட்டாங்க. பத்தாம் அதிகாரம்னு சொன்னா. நடுவருங்க மூணு பேரும் தலையாட்டினாங்க. யாரும் வேதத்தைத் திறந்து பார்க்கல. முதல் பரிசு.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ரெண்டாவது வரிசையில.”

“என்ன செஞ்சீங்க?”

“கை தட்டினேன்.”

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“அதுக்குப் பிறகுதான் என் கையெழுத்து ஞாபகம் வந்ததா?”

“நீங்க போட்டா, அது அவ்வளவு பெரிய தப்பில்லைன்னு ஆயிரும்னு நினைச்சேன்.”

எப்சிபா மேசை டிராயரைத் திறந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அடியில் தன் முழுப் பெயரை எழுதி, படிப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

மேலே ஒன்றுமில்லை.

தாளைத் தனசிங்கிடம் நீட்டினார்.

“முன்னுரையை நீங்களே எழுதிக்கோங்க.”

“என்னன்னு எழுத?”

“நான் என்ன சொல்லுவேன்னு எழுதுங்க. உங்களுக்கு நல்லா வருமே.”

எப்சிபா மறுபடி நோட்டுகளை எடுத்துத் திருத்தத் தொடங்கினார்.

தனசிங் பேனாவைத் திறந்தார். ‘அன்பான பெற்றோருக்கு’ என்று எழுதினார். அடுத்த வரிக்குக் கையைக் கொண்டுபோனார். கீழே அந்தக் கையெழுத்து தெரிந்தது.

“நீங்க சொல்லாததை உங்க பேர்ல நான் எப்படி டீச்சர்...”

நிறுத்திவிட்டார்.

எப்சிபா அடுத்த நோட்டைப் பிரித்தார்.

தனசிங் தாளை நான்காகக் கிழித்து மேசை ஓரத்தில் வைத்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எங்க அண்ணாச்சி?”

“அந்தப் பிள்ளை வீட்டுக்கு.”

“பரிசைத் திருப்பிக் கேட்டுராதீங்க,” என்றார் எப்சிபா, தலையைத் தூக்காமல். “அவ ஒரு எழுத்துகூடத் தப்பாச் சொல்லல.”