வாசலில் நின்ற அதிகாரி

அரண்மனைச் சமையற்கூடத்து அதிகாரி தாண்டவராயர் போடும் அதட்டலில் சமையல்காரர்கள் குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் அவர் கத்தினார்: "நாளை மகாராஜா இங்கே வருகிறார். சாப்பாடும் ருசிக்க வேண்டும், எல்லார் முகத்திலும் சிரிப்பும் வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் வேலை போகும்!"

பாத்திரம் தேய்க்கும் செங்கமலம், "ஆகட்டும் ஐயா. மகாராஜாவை வரவேற்க நீங்கள்தான் காலையிலிருந்தே கோட்டை வாசலில் மாலையோடு நிற்க வேண்டும்" என்றாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் கூடமெங்கும் ஒரே சிரிப்பு. கோட்டை வாசல் பக்கம் போகாமல் அரண்மனைக்குள்ளிருந்தே நேராக வந்த ராஜா ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதற்கெல்லாம் யார் காரணம்?" என்று கேட்டார்.

"அதிகாரி ஐயாதான், மகாராஜா. காலையிலிருந்து இந்தப் பக்கமே வரவில்லை" என்றாள் செங்கமலம்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே தாண்டவராயர் வாசல் காவலுக்குப் போனார்; சமையற்கூடம் செங்கமலத்தின் கைக்கு வந்தது.