திரும்பிப் போகிற எண்ணெய்

இரண்டாவது கல்லும் உடைந்தது.

முதல் கல்லைப் போலவேதான். தூக்கும்போது ஒன்றுமில்லை. ஓட்டி வரும்போதும் ஒன்றுமில்லை. குழிக்குள் இறக்குகிற நேரத்தில் தொப்பென்று போய் விழுந்தது. வில்லோடு நின்ற வீரன் இடுப்போடு இரண்டாகக் கிடந்தான். மாதையன் டிராக்டரிலிருந்து இறங்கி நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. ஊரின் மூன்று நடுகல்லும் கூடவே போயின. நாற்பது வருஷம் கழித்து இந்தக் கோடையில்தான் அணை தரை தட்டியது. சேற்றுக்குள்ளிருந்து மூன்று தலைகள் தெரிந்தன. நாளை மறுநாள் காலை மேலணையைத் திறக்கிறார்கள். அதற்குள் கற்களைக் கரைமேல் இருக்கிற புது ஊருக்குக் கொண்டுவந்து நட வேண்டும்.

நடுவதற்கு ஒரு முறை உண்டு. குழிக்கு மேலே கல்லைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அதன் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பார்கள். விளிம்பு முட்ட. கல் குழியில் அமரும்வரை ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்தினால் கல்லில் இருக்கிறவருக்கு வர இஷ்டமில்லை என்று அர்த்தம்.

இரண்டு செம்பும் உருண்டோடின.

மிச்சம் இருந்தது மதகடைச்சாள். மாதையன் வகையறாவில் பிறந்த பெண். பழைய ஊர் ஏரியின் மதகுப் பலகை ஒரு பெருமழையில் பெயர்ந்துபோனபோது, அவள் மதகு வாய்க்குள் இறங்கி உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பிடித்தாளாம். விடியும்வரை தண்ணீர் அவளைத் தாண்டி மெதுவாகத்தான் போனதாம். ஊர் பிழைத்தது. விடிந்து பார்த்தபோது மதகில் யாரும் இல்லை. கல்லிலும் அப்படியேதான் செதுக்கியிருந்தார்கள். குந்திய பெண், நீட்டிய வலது கை.

"அவ தண்ணியிலயே இருக்கட்டும் மாதையா" என்றார் பூசாரி அங்கப்பன்.

"எங்க வீட்டுப் பொண்ணு. விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"உன் கைக்கு யாரும் வரமாட்டேங்கறாங்களே."

"சோத்துல குழம்பு ஊத்தினாலே தட்டைத் தாண்டிப் போற ஆளு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "கல்லை மெதுவா இறக்குவாராம்."

சிலர் சிரித்தார்கள். மாதையன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. அப்பவும் சிந்தினா நான் அவளைத் தொடமாட்டேன். ஊருக்குள்ளயும் இருக்கமாட்டேன்."

உடைந்த கல்லில் பாதி இன்னும் டிராக்டரின் முன்னால் பாரம் தூக்குகிற இரும்புக் கைகளில் கட்டியபடி தொங்கியது. அதோடேயே ஓட்டிக்கொண்டு போனார், நெடுஞ்சாலை வளைவில் இருந்த பட்டறைக்கு.

பட்டறை கோகிலவாணியுடையது. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்தவள். வாத்தியாரம்மா என்றுதான் சுற்று வட்டாரத்தில் பெயர். மாதையனுக்கு அவள் மகள் வயது. அறுபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல், தொங்குகிற பாதிக் கல்லைக் கையால் காட்டினார்.

"இறக்கறப்ப வேகமா போவுது. எப்படிம்மா மெதுவாக்கறது?"

"நீங்க என்ன பண்ணீங்கண்ணா?"

"ஆக்சிலேட்டரைக் குறைச்சேன். ரெண்டாவது கல்லுக்கு இன்னும் குறைச்சேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டிருந்தா இங்க ஏன் வரேன்?"

அவள் டிராக்டரில் ஏறி முன்கைகளை ஆள் உயரத்துக்குத் தூக்கினாள். பாதிக் கல் மேலே போய் நின்றது. என்ஜினை அணைத்தாள். பட்டறை சட்டென்று நிசப்தமானது.

"லிவரைத் தொடுங்க."

தொட்டார். கல் இறங்கத் தொடங்கியது. என்ஜின் இல்லை, சத்தம் இல்லை. குழாய்க்குள் எண்ணெய் ஓடுகிற சீறல் மட்டும், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல. மாதையனுக்குக் கைமயிர் சிலிர்த்தது. கையை எடுத்துவிட்டார்.

"வண்டிதான் ஓடலையே?"

"ஓடல."

"அப்ப யாரு இறக்கறது?"

"கல்லு."

உள்ளே போய் மாட்டுக்கு மருந்து போடுகிற பெரிய சிரிஞ்சை எடுத்து வந்தாள். தண்ணீர் நிறைத்து, மூக்கைக் கீழே பிடித்து, தண்டின் மேல் ஒரு ஸ்பேனரை வைத்தாள். தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஸ்பேனர் சரிந்து விழுந்தது. மறுபடி நிறைத்தாள். இந்தத் தடவை மூக்கில் கட்டைவிரலை வைத்து லேசாக விட்டாள். சொட்டுச் சொட்டாகப் போனது. ஸ்பேனர் தூங்குகிற பிள்ளைபோல இறங்கியது.

"எங்க பிடிச்சேன்?"

"போற வாயில."

"தூக்கறது என்ஜின். அதுக்கு உள்ள தள்ளற எண்ணெய். இறங்கறது பாரம். அதுக்குத் திரும்பிப் போற எண்ணெய். நீங்க உள்ள வர்ற வழியைப் போட்டு அடைச்சிட்டிருந்தீங்க."

அன்று பொழுது சாய்வதற்குள் எண்ணெய் திரும்பிப் போகிற குழாயில் ஒரு பித்தளை வால்வைப் பூட்டினாள். தலையில் திருகுகிற குமிழ்.

"வலப்பக்கம் திருகினா வாய் குறுகும். இப்ப முழுசா திறந்துதான் விட்டிருக்கேன். காலையில உடைஞ்ச கல்லை நாலு தடவை ஏத்தி இறக்கி, எவ்வளவு இறுக்கணும்னு பாருங்க. அளவு தெரிஞ்சப்புறம் அவளைத் தொடுங்க. பத்து மணிக்கு மேல நானும் வரேன்."

"நாலு தடவையா?"

"அஞ்சு."

மாதையன் வண்டியில் ஏறினார்.

காலையில் நாலு தடவைக்கு நேரமில்லாமல் போனது. மேலணையை ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிட்டார்கள் என்று ஏழு மணிக்குச் செய்தி வந்தது. பத்து மணிக்குள் காய்ந்த தரையெங்கும் ஈர வாசனை ஏறிவிட்டது. தண்ணீர் கண்ணில் படவில்லை. பழைய ஊரின் கிணறுகள் வாய் பிளந்து கிடந்தன. கருத்துப்போன பனைகள் தலையில்லாமல் நின்றன. எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு நெருங்கிக்கொண்டே வந்தது. காகம்கூட இல்லை.

மாதையன் வண்டியோடு அணைக்குள் இறங்கினார். தோண்டினார்கள், கட்டினார்கள், தூக்கினார்கள். சேற்றிலிருந்து மதகடைச்சாள் கை நீட்டியபடியே எழுந்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அவள் இருந்த பள்ளத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

குழிக்கு மேலே வண்டியை நிறுத்தினார். நடுப்பகல். ஒருவர் நிழலும் தரையில் நீளவில்லை. கோகிலவாணி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அங்கப்பன் ஏணிமேல் ஏறிக் கல்லின் தலையில் செம்பை வைத்தார். விளிம்பில் தண்ணீர் முட்டி நின்றது.

"இறக்கு."

மாதையன் லிவரில் கை வைத்தார். கல் மயிரிழை அசைந்தது. காலடியில் அப்பியிருந்த சேறு வழுக்கியது. உடம்பு சாய, கை லிவரைக் கடைசிவரை தள்ளிவிட்டது.

அந்தக் கணத்தில்தான் குமிழ் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அதைத் தொடவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டார். தொப்பென்ற சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். லிவர் கடைசியில் கிடந்தது. கல் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. கர்ப்பிணி படியிறங்குவதுபோல, ஒவ்வொரு அங்குலத்தையும் பார்த்து. செம்பில் தண்ணீர் அசையவில்லை. அதில் வானம்கூட அசையவில்லை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அடி மண்ணைத் தொட்டது யாருக்கும் கேட்கவில்லை.

ஒருத்தி குலவையிட்டாள். பிறகு எல்லோரும்.

கோகிலவாணி வண்டியருகே வந்தாள்.

"நல்லா இருந்துச்சுண்ணா. எத்தனை சுத்து இறுக்குனீங்க?"

மாதையன் குமிழைக் காட்டினார். அவள் குனிந்து குமிழைத் தொட்டாள். நேற்று அவள் விட்ட இடத்திலேயே இருந்தது. முழுக்கத் திறந்து.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான் தொடலம்மா" என்றார்.

அவள் குழியருகே போனாள். அவரும் பின்னாலேயே போனார். அங்கப்பன் இன்னும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லுக்கு யாரும் எண்ணெய் வைக்கவில்லை. ஆனால் நீட்டிய உள்ளங்கை மட்டும் பளபளத்தது. கோகிலவாணி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். அந்த விரலை மாதையனிடம் நீட்டினாள்.

டிராக்டர் எண்ணெய். இளஞ்சூடு இன்னும் போகவில்லை.

மாதையன் திரும்பி டிராக்டரைப் பார்த்தார்.

"அப்ப போற வாயைப் பிடிச்சது யாரும்மா?"

கோகிலவாணி விரலைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"மதகடைச்சா."