காயின் பெயரோடு போன பழம்

கிளியும் அணிலும் மனிதரோடு வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாடத்தி என்றொருத்தி தனியாக இருந்தாள். அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மாமரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வழிப்போக்கர்கள் சிலர் அவள் தங்கச்சியின் தோப்பில் பழம் கேட்டு வாங்கித் தின்றார்கள். மறுவாரமே ஆள் கட்டோடு வந்து தோப்பையே வளைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து புது முகம் எதையும் மாடத்தி நம்புவதில்லை.

சித்திரை மாசம் ஒரு முற்பகலில் கிளி பதறிப்போய் வந்தது.

“யக்கா, கரையில பெரிய கப்பல் நிக்கி. செக்கச்செவேல்னு ஒருத்தன் இங்கதான் வாரான்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“அப்போ வேவு பாக்கத்தான் வாரான்.”

மாடத்தி பழுத்ததையெல்லாம் மளமளவென்று பறித்து வைக்கோலுக்குள் புதைத்தாள்.

வந்தவனுக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியவில்லை. மரத்தைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைக்கோல் பக்கம் திரும்பினான். மோப்பம் பிடிக்கிறானே என்று மாடத்தி குறுக்கே போய் நின்றாள். புளிப்புப் பொறுக்காமல் ஓடட்டும், இந்த மரத்தையே மறக்கட்டும் என்று, கல்லாட்டம் இருந்த ஒரு காயைப் பறித்து நீட்டினாள்.

இது என்ன என்பதுபோல் அவன் புருவத்தை உயர்த்தினான்.

“மாங்காய்,” என்றாள்.

“மாங்கா... மாங்கோ.”

கடித்தான். கண்ணில் நீர் கொட்டியது. ஆனாலும் துப்பவில்லை; கொட்டை வரைக்கும் கடித்துத் தின்றான். காயில் அவன் பல் பட்ட இடமெல்லாம் ரத்தம்.

“ஈறு புண்ணாக் கெடக்குக்கா. மாசக்கணக்கா காய் கனி காணாம கடல்லயே கெடந்தவன் போல.”

“நடிப்பான். ஒனக்குத் தெரியாது.”

“ரத்தத்த எப்படிக்கா நடிப்பான்?”

மாடத்தி கிட்டே போய் அவன் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு வைக்கோலை விலக்கி, இருந்ததிலேயே நன்றாகக் கனிந்ததை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“இது காய் இல்ல. பழம். மாம்பழம்.”

முழங்கை வழியே சாறு வழியத் தின்றான். “மாங்கோ!” என்றான், முகமெல்லாம் மலர.

“மாம்பழம்யா!”

“மாங்கோ.”

கிளியும் சொல்லிப் பார்த்தது. அவன் கேட்கிற மாதிரி இல்லை. மார்பில் கைவைத்துத் தலைகுனிந்துவிட்டு, மாடத்தி அள்ளிக் கொடுத்த பழங்களை மடி நிறையக் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போனான்.

ஒரு வருஷம் மாடத்தி கடலைப் பார்த்தபடியே காவல் இருந்தாள். மரத்தைப் பிடுங்க ஒருவரும் வரவில்லை.

அன்றைக்கு அவள் சந்தேகப்பட்டு நீட்டிய காயின் பெயர்தான் கப்பலேறிப் போனது. அதனால்தான் இன்றைக்கும் இங்கிலீஷ்காரர்கள் தேனாய்க் கனிந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை ‘மேங்கோ’ என்று, மாங்காயாகவே கூப்பிடுகிறார்கள்.