அரண்மனை முற்றத்தில் ஆட்டுக்கிடை

தாழைநாட்டு ராஜா மகுடவர்மனுக்கு ஒரு நல்ல புத்தி தோன்றியது. ராஜாக்களுக்கு அது அடிக்கடி தோன்றுகிற சமாசாரம் இல்லை என்பதால் சொல்லியே ஆகவேண்டும். மண் மலடாகிறது, விளைச்சல் சரிகிறது என்று ஊர் ஊராக முறையீடு வந்துகொண்டிருந்தது. ராஜா ஏரிக்கரையில் ஒரு பாடசாலை கட்டினார். இலக்கணம், தர்க்கம், கணிதம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்த பண்டிதர்கள் அங்கே வந்து இன்னும் ஒரு வருஷம் படிக்கவேண்டும். எதை? மண்ணைத்தான்! எந்தப் பயிருக்குப் பக்கத்தில் எதை ஊன்றினால் பூச்சி அண்டாது, உளுந்து விதைத்தால் மண் எப்படித் தேறும், எருவை எப்போது இடுவது, எவ்வளவு இடுவது, இதெல்லாம் பாடம். தேறியவர்களுக்குச் செப்புப் பட்டயம். பட்டயம் உள்ளவருக்குத்தான் ஏரி மடையின் அதிகாரம் என்று சட்டமும் போட்டார்.

பாடசாலையை நடத்தியவள் உமையாள். சபையில் விகடம் பேசிப் பேர் வாங்கியவள். அவளிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு.

அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் பட்டயம் வாங்கினாலும் அன்று இரவு அவர் இடத்தில் கிடை போடுவார்கள். கீதாரி தன் ஆட்டு மந்தையை ஓட்டிவந்து அங்கேயே மடக்குவார். விடியும்வரை ஆடுகள் படுத்துக் கிடந்து, புழுக்கையும் மூத்திரமுமாக நிலத்தை நிறைத்துவிட்டுப் போகும். வயலுக்கு அதைவிட நல்ல உரம் ஏது? "எங்கள் இடத்தில் கிடை போட்டார்களாக்கும்!" என்று மாதக்கணக்கில் பீற்றிக்கொள்வார்கள்.

ராணியின் தம்பி செண்பகராயருக்கு ஏரி மடைமேல் ஒரு கண். அரண்மனைப் பக்கம் அவர் வெட்டிய அல்லிக்குளம் வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடந்தது. மடை கைக்கு வந்தால் குளம் தளும்பும். கடைமடை வயல்கள் காய்ந்து போகும். அதைப் பற்றி அவருக்கென்ன கவலை? பட்டயம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சாணி வாடை அடித்தால் அவருக்குத் தலை சுற்றும்.

ராணி ராஜாவைப் பிடித்தாள். ராஜா உமையாளைக் கூப்பிட்டார்.

"உமையாள், என் மைத்துனருக்கு நாளைக்குப் பட்டயம் கொடுத்துவிடு."

"நாளைக்கா? படிப்பு ஒரு வருஷம், மகாராஜா."

"மற்றவர்களுக்கு ஒரு வருஷம். இவருக்கு ஒரு நாள். அவர் கால் சேற்றில் படக்கூடாது. கை எருவில் படக்கூடாது. முடியாது என்றால் பாடசாலையை இழுத்துப் பூட்டிவிடுவேன்."

உமையாள் யோசித்தாள். பூட்டினால் படிப்பு போச்சு. கொடுத்தால் கடைமடை போச்சு. அவள் கண்ணுக்குள் அந்த வயல்காரர்களின் முகம் வந்து நின்றது. பக்கத்தில் செண்பகராயர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பட்டயத்தை மட்டும் நீட்டி ஒப்பேற்றிவிடாதே, உமையாள்! எல்லோருக்கும் செய்கிற மரியாதை எனக்கு ஒன்றுவிடாமல் நடக்கவேண்டும்" என்றார் அவர்.

உமையாள் மெல்ல நிமிர்ந்தாள்.

"ஒன்றுவிடாமலா, பிரபு?"

"ஒன்றுவிடாமல்!"

"மகாராஜாவின் உத்தரவும் அதுதானா?"

"அதேதான். குறை வைத்தால் தெரியும் சேதி!" என்றார் ராஜா.

"ஆகட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். என்ன பவ்யம் பாருங்கள்!

மறுநாள் மேளதாளத்தோடு பட்டயம் கொடுத்தாயிற்று. மாலை என்ன, பல்லக்கு என்ன! செண்பகராயர் ஊரையே வலம்வந்து, பட்டயத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

பொழுது விடிந்தது. "அத்தான்! அத்தான்!" என்ற அலறல் கேட்டு ராஜா ஓடிவந்தார். அரண்மனைக்குள் செண்பகராயர் மாளிகை முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் ஆடு. படிக்கட்டில் ஆடு, ஊஞ்சலடியில் ஆடு, மல்லிகைப் பந்தலை மேய்ந்தபடி நாலு ஆடு. நாட்டில் உள்ள கீதாரிகள் அத்தனை பேரும் வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு முன்னால் உமையாள். வாடை கோட்டைச் சுவரைத் தாண்டியது. செண்பகராயர் தூணைக் கட்டிக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி நின்றார்.

"உமையாள்!" ராஜா கத்தினார். "என்ன அக்கிரமம் இது?"

"அக்கிரமமா? மரியாதை, மகாராஜா. பட்டயம் வாங்கியவர் இடத்தில் கிடை போடுவது வழக்கம். ஒன்றுவிடாமல் செய்யச் சொன்னீர்களே. பிரபுவின் கால் சேற்றில் பட்டதா? கை எருவில் பட்டதா? படுக்கையைவிட்டு இறங்காமலே எல்லாம் நடந்திருக்கிறது."

அந்த வழக்கமே ராஜாவுக்குத் தெரியாது. பாடசாலையைக் கட்டியதோடு சரி, ஒருநாளாவது அந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருந்தால்தானே?

"சரி, வழக்கம் என்றே இருக்கட்டும். ஒருவருக்கு மரியாதை செய்ய ஒரு மந்தை போதாதா? இங்கே நாட்டில் உள்ள ஆடெல்லாம் எதற்கு?"

உமையாள் கைகட்டி நின்று, ரொம்ப அடக்கமாகச் சொன்னாள்.

"நான் என்ன செய்யட்டும், மகாராஜா? ஒரு வருஷப் படிப்பை ஒரே நாளில் முடிக்கச் சொன்னீர்கள். அப்படியானால் ஒரு வருஷப் புழுக்கையும் ஒரே ராத்திரியில் விழுந்தாகவேண்டாமா?"

ராஜா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கால் வழுக்கி, புழுக்கைமேலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் சிரிப்பு நிற்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உமையாள் பக்கம் வீசினார்.

செண்பகராயர் மட்டும் சிரிக்கவில்லை. ஆடுகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறி வந்து, பட்டயத்தை உமையாள் கையில் திணித்தார்.

"தாயே, மடையும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்! வேண்டுமானால் நான் ஒரு வருஷமே வந்து படிக்கிறேன். முதலில் இதுகளை ஓட்டச் சொல்லு!"