உச்சிக்கருப்பனுக்கு ஒரு சுருட்டு

"பாதியில அணைஞ்சு போகுது" என்றார் பழனியாண்டி.

பூரணம் நிமிரவில்லை. பலகையில் ஈரப் புகையிலையை விரித்து நடு நரம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"எது?"

"சுருட்டு."

"யார் வாயில?"

"உச்சிக்கருப்பன் வாயில."

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

ஊருக்கு வெளியே, வற்றிய குளத்தின் கரையில் நிற்கிறான் உச்சிக்கருப்பன். வெறும் கல். வாய் மட்டும் குழிந்து, புகை படிந்து கறுத்திருக்கும். உச்சி வெயிலில் அந்தக் குழியில் சுருட்டைப் பற்றவைத்துச் செருக வேண்டும். கடைசி வரை எரிந்தால் வேண்டுதலை ஏற்றுக்கொண்டான். நடுவில் அணைந்தால் இல்லை.

கடைச் சுருட்டு ஆகாது. வேண்டிக்கொண்டவர் தன் கையால் சுற்றியிருக்க வேண்டும்.

பழனியாண்டி ஒரு காலத்தில் சுருட்டுக் கம்பெனி நடத்தியவர். அவருடைய சுருட்டு கப்பலில்கூடப் போயிருக்கிறது. தன் கையால் ஒன்றுகூடச் சுற்றியதில்லை.

"என்ன வேண்டுதல்?"

"சௌந்தரம் எந்திரிச்சு உக்காரணும்."

சௌந்தரம் அவர் மனைவி. மழைக்காலத்தில் படுத்தாள். வெயில் வந்துவிட்டது.

"அக்காவுக்கு மூச்சு எப்படி இருக்கு?"

"டாக்டர் பாத்துக்கிறார்."

"உங்களைக் கேட்டேன்."

"அவ தங்கச்சி கூட இருக்கா. நான் வெளி ரூம்ல படுத்துக்கிறேன். கதவைச் சாத்திட்டு."

"ஏன்?"

பழனியாண்டி தன் செருப்பைப் பார்த்தார்.

"அந்தச் சத்தம் பயமா இருக்கு தாயி."

பூரணம் கையை நீட்டினாள். அவர் தன் பையிலிருந்து தான் சுற்றிய சுருட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை அமுக்கிப் பார்த்தாள். பலகையில் தட்டினாள். டொக் என்றது.

"கருப்பனே கல்லு. அவன் வாயில இன்னொரு கல்லா?"

"இறுக்கமா இருந்தாத்தானே நல்ல சுருட்டு. கம்பெனியில அமுக்கிப் பாப்பேன். மெத்துனு இருந்தா தூக்கிப் போட்டுடுவேன்."

"தெரியும். எங்கப்பாவையும் சேர்த்துத்தான் தூக்கிப் போட்டீங்க."

பழனியாண்டிக்கு மாயழகின் முகம் ஞாபகம் வந்தது. மெதுவாகச் சுற்றுகிறான், மெத்தென்று சுற்றுகிறான் என்று அவர் வேலையைவிட்டு நிறுத்திய ஆள். மாயழகு செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"அதுக்காகச் சொல்லித்தர மாட்டியா?"

"உக்காருங்க மொதலாளி" என்றாள் பூரணம். "அந்த ஓரத்துப் பலகை மட்டும் வேண்டாம். அது அப்பாவோடது."

*

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

இலையை நனைக்கச் சொன்னாள். நனைத்தார். நரம்பை உருவச் சொன்னாள். உருவினார். சுற்ற விடவில்லை.

ஒரு லாரி டிரைவர் வந்தார். பூரணம் அவரைச் சுவரோரமாக உட்காரவைத்தாள். இலவம்பஞ்சில் ஒரு பிசிறை நூலில் கட்டி, அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

பஞ்சு போனது, வந்தது.

டிரைவர் சிரித்தார். "சிரிக்காதீங்க, கணக்குத் தப்புது" என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வெகு நேரம் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

"இலை எந்தத் தரம், என்ன நீளம், ஒண்ணும் கேக்கலையே?" என்றார் பழனியாண்டி.

"அதான் கேட்டேனே."

இன்னொரு நாள் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பெரிய ஓட்டலுக்கு வாங்குகிறவர். தேக்குப் பெட்டி, பொன் நிற லேபிள், மேலே பூரணத்தின் படம் என்று நிறைய பேசினார். கடைசியில் பூரணம் கேட்டாள்.

"யாரு குடிக்கப் போறது?"

"யார் வாங்குறாங்களோ அவங்க."

"அப்ப அவங்களை வரச்சொல்லுங்க."

"அவங்க ஜெர்மனியில இருப்பாங்கம்மா."

"அங்க பஞ்சு கிடைக்காதா?"

கார் போனதும் பழனியாண்டியால் பொறுக்க முடியவில்லை.

"நல்ல வியாபாரம் தாயி. ஒரே மாதிரி சுத்திக் குடுத்தா என்ன?"

"ஒரே மாதிரி மூச்சு விடுறவங்க யாரு இருக்காங்க?"

"ஒருத்தருக்குச் சுத்துனதை இன்னொருத்தர் குடிச்சா என்ன ஆகும்?"

பூரணத்தின் கை நின்றது.

அவள் கூரையைக் காட்டினாள். ஓரத்துப் பலகைக்கு மேலே, உத்தரத்தில் ஒரு சுருட்டுக் கட்டு தொங்கியது. சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒட்டடை படிந்திருந்தது.

"அப்பாவுக்குச் சுத்துன கட்டு. அவர் படுத்திருந்தப்ப ஊர்ல இருந்து மாமா வந்திருந்தார். எனக்குத் தெரியாம ஒண்ணை உருவிட்டார். வாசல்ல நின்னு ரசிச்சு இழுத்தார்."

"அப்புறம்?"

"அவர் இழுக்க இழுக்க உள்ள அப்பா திணறினார். நான் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணும் புரியல. மாமா கடைசித் துண்டைக் கீழ போட்டு மிதிச்சார்."

அவள் மறுபடி நரம்பை உருவத் தொடங்கினாள்.

"சத்தம் நின்னு போச்சு."

கூரையில் கட்டு லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பழனியாண்டி வாசலைப் பார்த்தார். காற்று இல்லை.

*

"கருப்பனுக்கு நான் எப்படித் தாயி மூச்சுப் பாக்கறது?"

பூரணம் பஞ்சு கட்டிய நூலை அவர் கையில் கொடுத்தாள்.

"கல்லு மூச்சு விடுமா?"

"சுருட்டுக் குடிக்கும்னு நம்புறீங்க. மூச்சு விடும்னு நம்ப மாட்டீங்களா?"

முதல் நாள் உச்சியில் போனார். குளத்தங்கரையில் ஈ காக்கை இல்லை. மண் குதிரைகள் வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அவருடைய நிழல் காலுக்கடியில் சுருண்டிருந்தது.

கல்லின் வாய்க்கு நேரே பஞ்சைப் பிடித்தார். காற்று அடித்தது. பஞ்சு பறந்தது. எது காற்று, எது மூச்சு என்று தெரியவில்லை.

"காத்துதான் வருது" என்றார் வந்து.

"காத்து நிக்கற வரைக்கும் நில்லுங்க."

மறுநாள் நின்றார். காற்று நின்றது. கருவேலங்கிளையில் ஓர் இலை அசையவில்லை. பஞ்சும் தொங்கியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை எடுக்காமல் நின்றார்.

பஞ்சு கல்லை நோக்கிப் போனது.

திரும்பி வந்தது.

மறுபடி போனது. வந்தது. சின்னச் சின்னதாக, இரண்டு.

பிறகு ஒன்றும் இல்லை. போய்விடலாம் என்று நினைத்தபோது பஞ்சு நீளமாகக் கல்லின் வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தது.

இரண்டு சின்னது. ஓர் இடைவெளி. ஒரு நீளம்.

பழனியாண்டி திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஊர் எல்லை வரை தன் காலடியைத் தவிர வேறு சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

பூரணத்திடம் வந்து, "இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப சுத்துங்க."

அன்று சுற்றினார். உள்ளிலையை வைக்கும்போது அந்தப் பஞ்சை நினைத்துக்கொண்டார். இரண்டு சின்ன மூச்சுக்கு நெருக்கமாக. இடைவெளிக்குக் கொஞ்சம் இடம் விட்டு. நீள மூச்சு தடங்கலில்லாமல் போக இலைகளை நேராக. அவர் விரல்கள் இதற்குமுன் அப்படி நகர்ந்ததில்லை. மேலிலையைச் சுற்றிக் கஞ்சிப் பசை தொட்டு ஒட்டினார்.

ஓரத்துப் பலகையில் யாரோ உட்கார்ந்து பார்ப்பது போலிருந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

சுருட்டு காய்ந்த பிறகு பூரணம் அதை எடுத்தாள். பற்றவைக்காமல் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தாள். அது அவள் வழக்கம்.

இழுத்தவள் சட்டென்று வாயிலிருந்து எடுத்தாள்.

எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. எங்கப்பாவுக்குக்கூட இப்படி ஒண்ணு வந்ததில்ல."

"அப்புறம் என்ன?"

"இது கருப்பன் மூச்சா?"

"என் கண்ணால பாத்தேன். கல்லு வாயில இருந்துதான் வந்துச்சு."

"வந்தது அங்க இருந்து, சரி. யாரோடதுன்னு கேக்குறேன்."

பூரணம் இலவம்பஞ்சில் ஒரு பிசிறைக் கிள்ளி, புது நூலில் கட்டி, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"எதுக்கு? கருப்பனுக்குத்தான் பாத்தாச்சே."

"இது வீட்டுக்கு. முதல்ல வீட்டுக்குப் போங்க."

பழனியாண்டி வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். சூரியன் தலைக்கு மேல் வர இன்னும் சற்று நேரம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்வந்தால் உச்சி தப்பிவிடும்.

குளத்துப் பக்கம் திரும்பினார்.

*

சுருட்டைப் பற்றவைத்துக் கல்லின் வாயில் செருகினார். கும்பிட்டார்.

"எந்திரிச்சு உக்காந்தாப் போதும்" என்றார். "வேற ஒண்ணும் கேக்கல."

காற்று இல்லை.

சுருட்டின் நுனி சிவந்தது. மங்கியது. சிவந்தது. மங்கியது.

பிறகு இடைவெளி.

பிறகு நுனி நீளமாகச் சிவந்து, சாம்பல் பின்னால் நகர்ந்தது. கல்லின் மூக்கோரமாகப் புகை கசிந்தது.

பழனியாண்டியின் கண்கள் நிறைந்தன. கால்வாசி எரிந்தது. அவருடைய சுருட்டுகள் அணைந்துபோகும் பாதியும் வந்தது. நுனி அணையவில்லை.

இரண்டு சின்னது. இடைவெளி.

அந்த இடைவெளியில் அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நுனி மறுபடி சிவந்ததும் விட்டார். அடுத்த இடைவெளியிலும் அப்படியே. யாரும் சொல்லித்தரவில்லை. உடம்பு தானாகச் செய்தது. தோளை எவ்வளவு உயர்த்த வேண்டும், பல்லை எப்போது கடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

எங்கே பழகியது இது?

வெளி அறை நினைவுக்கு வந்தது. சாத்திய கதவு. பாயில் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர். கதவுக்கு அந்தப் பக்கம் சௌந்தரத்தின் மூச்சு, சின்னதாக ஒன்று, இன்னொன்று. பிறகு ஒன்றும் வராது. வந்துவிடு, வந்துவிடு என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். பிறகு நீளமாக ஒன்று வரும்.

நுனி சிவந்தது.

முக்கால்வாசி போயிருந்தது. கல் இப்போது வேகமாக இழுத்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

படையலுக்கு வைத்ததைத் திருப்பி எடுத்தவர் யாரும் அந்த ஊரில் இல்லை.

பழனியாண்டி கையை நீட்டினார். சுருட்டு வரவில்லை. பல்லால் கடித்திருப்பதுபோல் கல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் எரியும் நுனியையே இரண்டு விரலால் நசுக்கினார். தோல் பொசுங்கியது. அவர் விடவில்லை. கறுத்துக் குளிரும்வரை விடவில்லை.

பின்னால் மண் குதிரைகளுக்கு நடுவில் எதுவோ காலை மாற்றி வைத்தது.

அவர் ஓடினார்.

*

வீட்டில் உள் அறைக் கதவைத் தள்ளினார். மருந்து வாசனை அடித்தது. கொழுந்தியாள் விசிறியோடு எழுந்தாள்.

"இப்பத்தான் அத்தான். திடீர்னு மூச்சு முட்டிக் கண்ணு சொருகிடுச்சு. நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் சட்டுனு விட்ட மாதிரி ஆச்சு."

சௌந்தரம் கண்ணைத் திறந்திருந்தாள். எழுந்து உட்காரவில்லை. தலையணையில் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"என்ன, வழி தெரிஞ்சிருச்சா இந்த ரூமுக்கு?"

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"கருப்பன் என்ன சொன்னான்?"

"அணைஞ்சு போச்சு."

"இந்தத் தடவையுமா?"

"ம்."

அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுக்கப் போனார். சௌந்தரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொப்புளம் எழுந்த விரல்களைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

விரல்களைத் தன் வாயருகே கொண்டுபோய் ஊதினாள். சின்னதாக.

இன்னொரு முறை ஊதினாள்.

பிறகு நிறுத்தினாள்.

பழனியாண்டி விரல்களை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.