நாலு நிமிடம்

நாற்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட ஒரு ‘டிக்’ நீலமேகத்தின் காதை விட்டுப் போகவில்லை. பள்ளி மைதானத்தில் ஓடும்போது தடுக்கி விழுந்தார். வாயெல்லாம் மண். பி.டி. வாத்தியார் ஸ்டாப்வாட்சை நிறுத்திய சத்தம்தான் முதலில் வந்தது. தூக்கிவிடும் கை பிறகுதான் வந்தது.

இப்போது தூத்துக்குடியில் அவருக்குச் சொந்தமாகப் பெயிண்ட் கடை. கையில் இதயத் துடிப்பை எண்ணும் கடிகாரம், அதற்கென்றே நெஞ்சில் ஒரு பட்டை, காலில் எடையே தெரியாத வெளிநாட்டு ஷூ. தூக்கத்துக்குக்கூடக் கடிகாரம் மதிப்பெண் போடும். குறைந்தால் அன்று கடையில் யாருடனும் பேசமாட்டார்.

அவருக்கு ஓட்டம் கற்றுக்கொடுப்பவர் அமலி. வயது முப்பது.

“டீச்சர், இருபத்தோரு கிலோமீட்டர். ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்.” நீலமேகம் மணிக்கட்டையும் ஒரு விண்ணப்பத் தாளையும் நீட்டினார். “சென்னை ஓட்டத்துல முன்வரிசையில நிக்க ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஓடியிருக்கணும், இது போதும். விண்ணப்பிக்க இன்னைக்குக் கடைசி நாள். உங்க கையெழுத்துதான் வேணும்.”

“நேத்து ஓட்டமா அண்ணாச்சி? இசக்கிமுத்து விழுந்தாரே, அதுவா?”

இசக்கிமுத்து உப்பு லாரி ஓட்டுநர். தினமும் நீலமேகத்தோடு ஓடுகிறவர்.

“அதேதான். பதினேழாவது கிலோமீட்டர்ல கால் மடங்கிட்டு. நான்தான் தூக்கி ஆட்டோவுல ஏத்திவிட்டேன். பிறகு மீதியை ஓடினேன்.”

“அதுக்கு எவ்வளவு நேரம்?”

“நாலு நிமிஷம். கடிகாரத்தை நிறுத்தி வச்சிருந்தேன், அது சேராது.” கொஞ்சம் தயங்கினார். “ஆளைத் தூக்கினதைப் போய் ஓட்டத்துல சேர்க்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

அமலி தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நீலமேகத்தின் முகம் மலர்ந்தது.

“காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்” என்றார் அமலி. “கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு. நல்லாத்தான் பேசுதாரு.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“சொன்னாரு. ‘விழுந்ததும் வலியில கண்ணைத் திறக்கல டீச்சர். தலைக்கு மேல பீப்னு ஒரு சத்தம். சரி, அண்ணாச்சி பக்கத்துலதான் நிக்காருன்னு தைரியம் வந்துட்டு. அப்புறம் கை வந்துச்சு’ன்னாரு.”

நீலமேகம் தாளை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.

அந்த ஆண்டு முன்வரிசைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏழாவது வாரம் கட்டைப் பிரித்த இசக்கிமுத்து, நீலமேகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்தார்.