தட்டை விட்டு இறங்காதவை

பட்டுப்பூச்சிகள் முட்டையிட்ட பத்தாம் நாள் காலையில் மாதையன் தட்டின் மேல் மூடியிருந்த துணியை விலக்கினார்.

நேற்றுவரை கடுகு தூவியதுபோல் கிடந்த முட்டைகளைக் காணவில்லை. தட்டு முழுக்கக் கறுப்பாக ஏதோ நெளிந்தது. மயிரிழை அளவுக்குப் புழுக்கள். பக்கத்துத் தட்டிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.



முப்பது வருடம் தாளவாடிப் பக்கம் பட்டு நூல் எடுத்தவர் அவர். மூட்டையில் வரும் கூடுகளைக் கொப்பரையில் கொதிக்கிற தண்ணீரில் கொட்டுவார். உள்ளே இருப்பது வெந்துபோகும். நூல் அறுபடாமல் சர்க்கா ராட்டையில் சுற்றிக்கொள்ளும். பூச்சி வெளியே வந்துவிட்டால் கூடு ஓட்டை, நூல் துண்டு துண்டு. அதனால் பூச்சி என்றாலே அவருக்குக் கெட்டுப்போன கூடு, அவ்வளவுதான். ஒரு நாள் கொட்டப்போன கை நின்றுவிட்டது. ஏன் என்று அவருக்கே தெரியாது. மிச்சமிருந்த இருநூறு கூடுகளைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு, இனி ஓர் உயிரைக் கொல்வதில்லை என்று சொல்லிக்கொண்டு, மலையேறி, அங்கே துறவியாக இருந்த அங்காத்தாளின் குடிலுக்கு வந்தார்.

அங்காத்தாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஊரே அங்காத்தாளைச் சாமி என்றது. மாதையனுக்கு அப்படிக் கூப்பிட நாக்கு புரளவில்லை, அம்மணி என்றார். அங்காத்தாளும் அதைத் திருத்தவில்லை.

பூச்சிகள் வெளியே வந்த அன்று மாதையன் அழுதார். பறந்து போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார். ஒன்றும் பறக்கவில்லை. தட்டிலேயே சேர்ந்தன, முட்டையிட்டன, நாலாம் நாள் செத்தன. பறக்காதது களைப்பாலாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது இது.

அடுப்படியிலிருந்து கெம்பன் எட்டிப் பார்த்தான். முன்பு லாரி ஓட்டியவன், இப்போது குடிலுக்குச் சமைப்பவன்.

"என்னங்க மாதையண்ணா, இருநூறு பேரைக் காப்பாத்தப் போயி நாப்பதாயிரம் பேருக்குத் தாத்தா ஆயிட்டீங்களே!"

"சும்மா இருடா."

"பேரு வெக்கவே ஒரு வருசம் ஆகும்."

மாதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பதாயிரம் புழு கடைசி வாரத்தில் வண்டி வண்டியாகத் தழை தின்னும். குடிலுக்குப் பின்னால் இருப்பது இரண்டே மல்பெரி மரம்.

"கீழே வளக்கறவங்ககிட்டக் குடுத்துருங்க" என்றான் கெம்பன்.

"குடுத்தா வளத்துருவாங்க. கூடு கட்டும். கூடு எங்கே போகும்னு எனக்குத் தெரியாதா?"

கெம்பன் உலை பார்க்க உள்ளே போனான்.

மாதையன் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அங்காத்தாளிடம் போனார். அவர் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, நான் பெரிய தப்புப் பண்ணிட்டனாட்டம் இருக்குதுங்க. இதுகளை என்ன பண்ணறது?"

"என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"காட்டுல விட்டுரலாங்களா? காட்டுப் பூச்சியெல்லாம் பொழைக்கலையா?"

அங்காத்தாள் முறத்தைக் கீழே வைத்தார். "வாங்க, கொஞ்சத்தை விட்டுப் பாக்கலாம்."

கோழியிறகால் ஒரு நூறு புழுவை மட்டும் வருடி எடுத்து பின்பக்கத்து மல்பெரி மரத்தில் ஓர் இலையில் அங்காத்தாள் விட்டார். அவை அந்த இடத்திலேயே தின்னத் தொடங்கின. மாதையனுக்கு மூச்சு வந்தது.

"திங்குதுங்க!"

"பாருங்க."

வெயில் ஏறியது. பால் வடிந்து அந்த இலை வாடியது. ஒரு சாண் தள்ளி அடுத்த இலை தளதளவென்று இருந்தது. புழுக்கள் போகவில்லை. தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தன, திரும்பவும் வைத்துக்கொண்டன. காற்றடித்தபோது கிளையைப் பற்றிக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தன. கீழே எறும்பு வந்துவிட்டது.

"அட, நகருங்களேன்!" மாதையன் கத்தியேவிட்டார். "இந்தா இருக்குதே இலை!"

அதே கிளையின் நுனியில் ஒரு சிலந்திப் பை வெடித்திருந்தது. குஞ்சுகள் வரிசையாக நுனிக்கு ஏறின. ஒவ்வொன்றும் பின்புறத்தைத் தூக்கி ஓர் இழையைக் காற்றில் விட்டது. காற்று அந்த இழையைப் பிடித்தது. குஞ்சு போய்விட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. அவற்றுக்கும் அன்றுதான் பிறந்தநாள்.

மாதையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுவும் நூல் விடற சாதி, இதுவும் நூல் விடற சாதி. அது பறக்குது. இதுக்கு ஒரு சாண் நகரத் தெரியலை. என்னங்க அம்மணி இது?"

"இது வாயில நூல் விடும், அது பின்னால விடும். ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துக்கலைங்க. தனித்தனியாத்தான் நூலுக்கு வந்து சேந்துச்சு" என்றார் அங்காத்தாள். "நான் இங்கே வாரதுக்கு முன்னால பட்டுப்புழு முட்டை தயார் பண்ணற எடத்துல பதினோரு வருசம் வேலை பாத்தேன். அங்கே ஒரு ஆபீசர் சொல்லுவாரு, ரெண்டோட மரபணுவுலயும் நூலுக்கான எழுத்து நாலஞ்சு வார்த்தைதானாம். அதையே திருப்பித் திருப்பி எழுதியிருக்குமாம்."

"எழுத்து ஒண்ணா இருந்தா கதி ஏன் ஒண்ணா இல்லை?"

"சிலந்தியையும் வளத்து நூல் எடுக்கலாம்னு ஒருக்கா முயற்சி பண்ணுனாங்க. சாயங்காலம் பத்துச் சிலந்தியை ஒரே பெட்டியில விட்டோம். காலையில ஒண்ணுதான் இருந்துச்சு."

"மிச்சம்?"

"அது வயித்துல."

மாதையன் பின்னால் நகர்ந்தார்.

"அதோட சிலந்தியை விட்டுட்டாங்க. புழு சண்டை போடலை. போட்ட எடத்துல தின்னுச்சு. அதனால வெச்சுக்கிட்டோம்."

"அப்ப சாதுவாப் பொறந்ததுதான் குத்தமுங்களா?"

"இத்தனை சாதுவா அது பொறக்கலைங்க." அங்காத்தாள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "விதை முட்டைக்குப் பூச்சி எடுக்கறது என் வேலை. தட்டுல நூறு பூச்சி இருக்கும். இருந்த எடத்துல கெடக்கறதை விதைக்கு எடுப்பேன். றெக்கையடிச்சுத் தட்டை விட்டு எறங்கறதை விளக்கமாத்துல கூட்டித் தள்ளுவேன். எனக்கு முன்னால இருந்தவளும் அப்படித்தான். அவளுக்கு முன்னால ஆயிரம் ஆயிரம் வருசமா எல்லாரும் அப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையிலயும் போனது போச்சு. போகாததுதான் இது."

மாதையன் வாடிய இலையைப் பார்த்தார். பதினேழு புழு மிச்சமிருந்தது. செத்த இலையின் மேல் அமைதியாக, யாரோ வந்து தழை போடுவார்கள் என்பதுபோல.



"நான் கதவைத் தொறந்து வெச்சனே அம்மணி."

"வெச்சீங்க."

"வெளியே போறதுக்கு அதுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களே. கொப்பரையில போட்டதுதான் பாவம்னு இருந்தேன். அதுக்கு முன்னாலயே..."

அங்காத்தாள் எழுந்து, தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ரெண்டு மரத்துத் தழை எத்தனை புழுவுக்குக் காணும்?"

மாதையன் மரங்களை அண்ணாந்து பார்த்தார். "சிக்கனமாப் போட்டா ஐந்நூறுங்க."

"ஐந்நூறை எடுங்க."

"மத்ததெல்லாம்?"

அங்காத்தாள் கோழியிறகைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"கொல்லமாட்டேன்னு சொல்லிட்டு வந்தவனுங்க நான்."

"தெரியும். எடுங்க, பொழுது போகுது. அப்பறம் அந்த ஐந்நூறும் இருக்காது."

மாதையன் இறகைக் கையில் எடுத்தார். கண்ணீரில் தட்டு மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டார். இறகை வைத்தார், வருடினார், புது இலையில் விட்டார். பத்து. இருபது. முப்பது வருடம் கூட்டோடு பழகிய கை. வேகம் தானாக வந்தது. நாற்பதை எட்டும்போது இறகு சட்டென்று நின்றது.

புது இலையில் இருந்த நாற்பதும் விட்ட இடத்தில் விட்டபடியே கிடந்தன. எடுக்கச் சுலபமாக இருந்ததையே அவர் எடுத்திருந்தார். தட்டின் விளிம்போரம் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றிரண்டை, தொந்தரவு என்று இறகாலேயே ஒதுக்கித் தள்ளியிருந்தார். யாரும் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் தன் கையை யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தார்.

"அம்மணி..."

"பாத்தேன்."

மாதையன் அந்த நாற்பதையும் தட்டிலேயே திரும்ப விட்டார். வெற்று இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நகர்றதை மட்டும் எடுத்து எடுத்து வளத்தா, இது ஒரு நாளைக்குப் பறக்க எத்தனை தலைமுறை ஆகுங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அதோ, ஓரத்துல ஒண்ணு எறங்கி ஓடுது பாருங்க. புடிங்க."